நிலாவெளி வெயிலுக்கு எத்தனை வாட் செக்கன் வேண்டும்?

கேட்டது இது: திருகோணமலையில் கலியாண ஜோடிகளைக் கடற்கரையில் வைத்து எடுக்கிற வேலை. கமராவின் சிங்க் வேகம் (பிளாஷோடு ஒத்துப்போகிற ஆகக்கூடிய ஷட்டர் வேகம்) 1/200. கையில் இருப்பது ஒரு ஸ்பீட்லைட்டும் (கமராவின் மேலே பூட்டுகிற சின்ன பிளாஷ்) 80 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸும் (ஒளியை மென்மையாக்குகிற துணிப்பெட்டி). காலை எட்டரைக்கு மேல் கடலைப் பின்னால் வைத்தால் வானம் வெளிறிப்போகிறது. வானத்தைக் காப்பாற்றினால் முகம் கறுத்துப்போகிறது. 200 வாட் செக்கன் பிளாஷ் வாங்குவதா, 400ஆ, 600ஆ? (வாட் செக்கன் என்பது பிளாஷ் ஒரு வெடிப்பில் செலவழிக்கிற ஆற்றல்.) எச்.எஸ்.எஸ். (சிங்க் வேகத்துக்கு மேலேயும் பிளாஷைப் பாவிக்கிற வசதி) உள்ள 200 இருந்தால் போதாதா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். காசு வீணாவது பெரும்பாலும் அங்கேதான். எச்.எஸ்.எஸ். போட்டதும் பிளாஷின் வலு குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையும் என்று தெரிய வேண்டுமென்றால் முதலில் வெயிலின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

முழு வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 செக்கன், அப்பெச்சர் (லென்ஸின் திறப்பு; எண் கூடினால் திறப்பு சிறுக்கும்) எஃப் 16 என்பது பிலிம் காலத்துக் கணக்கு. இன்றைக்கும் அது தவறுவதில்லை. சிங்க் வேகத்துக்கு மாற்றினால் 1/200, எஃப் 11. இது வெயில் நேரே விழுகிற பொருளுக்கான அளவு. நிலாவெளி, உப்புவெளிக் கரைகள் கிழக்கைப் பார்த்தவை. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் கமரா சூரியன் பக்கமே திரும்பி நிற்கிறது. சூரியனைச் சுற்றியுள்ள வானம் இந்தக் கணக்கைவிட வெளிச்சமாக இருக்கும். அதை நீலமாகக் கொண்டுவர இன்னும் ஒரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இறக்க வேண்டும்: 1/200, எஃப் 16. அந்த இடத்தில் ஜோடியின் முகம் நிழலில் கிடக்கிறது. மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கொஞ்சம் உதவும், ஆனால் எஃப் 16க்கு அது காணாது. ஆகவே முகத்துக்குத் தேவையான வெளிச்சத்தை ஏறக்குறைய முழுதாகவே பிளாஷ்தான் தர வேண்டும். குறைந்தது எஃப் 11 அளவுக்கு, வசதியாக இருக்க எஃப் 16 அளவுக்கு.

இதைப் பின்னேரக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மூன்று மணிக்குப் பிறகு சூரியன் கரைப்பக்கம் போய்விடும். கடல் ஆழ்ந்த நீலமாக விழும். அப்போது வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பிரச்சினை கண்ணைச் சுருக்குவதுதான். பொம்பிளை மாப்பிள்ளையைப் பக்கவாட்டாகத் திருப்பி நிழற்பக்கத்தைச் சின்ன பிளாஷால் நிரப்பினால் காரியம் முடிந்தது. பெரிய ஸ்ட்ரோப் (தனியாக ஸ்டாண்டில் நிற்கிற வலுவான பிளாஷ்) உண்மையில் தேவைப்படுவது காலை எட்டிலிருந்து நண்பகல் வரைக்கும்தான். திருகோணமலை வடக்கு அகலாங்கு 8.6 பாகையில் இருப்பதால் சூரியன் சரிவாக ஏறுவதில்லை. நெட்டுக்குத்தாக, மணிக்கு 15 பாகைக்குக் கிட்ட ஏறும். ஆறு மணி சுமாருக்கு உதித்தது எட்டரைக்கு 35 பாகையைத் தொட்டுவிடும். பொன் வெளிச்சம் என்று நம்பியிருப்பது ஒரு மணித்தியாலம்கூட நிற்காது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும், கண்குழி இரண்டும் கறுத்துவிடும். ஜோடியை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அது மாறாது. அந்த நாட்களில் முன்னாலிருந்து, கண் மட்டத்துக்குச் சற்று மேலே பிளாஷ் கட்டாயம் வேண்டும்.

இனிப் பிளாஷின் கணக்கு. ஒரு பெரிய ஸ்பீட்லைட்டின் கைட் நம்பர் (பிளாஷின் வலுவைச் சொல்கிற எண்) 35 மில்லிமீற்றர் சூமில் 36 சுமார். 200 வாட் செக்கன் வெற்றுக்குழாய்த் தலை, அதற்குரிய ரிஃப்ளெக்டரோடு 60 சுமார். கைட் நம்பரைத் தூரத்தால் பிரித்தால் அப்பெச்சர் வரும். இரண்டு துணியுள்ள சொஃப்ட்பொக்ஸ் அதில் இரண்டு ஸ்டொப் அளவு தின்றுவிடும், அதாவது கைட் நம்பர் பாதியாகும். அப்படிப் பார்த்தால் எஃப் 16 கிடைக்கிற தூரம்: ஸ்பீட்லைட்டுக்கு 1.1 மீற்றர், 200க்கு 1.9, 400க்கு 2.6, 600க்கு 3.2. எஃப் 11 போதுமென்றால் 1.6, 2.7, 3.8, 4.7. இவை தாள்க் கணக்குகள். சொஃப்ட்பொக்ஸின் உள்வெள்ளி, துணி, ஆழம் எல்லாம் இதில் அரை ஸ்டொப்பை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டும். ஆனால் ஸ்பீட்லைட் ஏன் தோற்றது என்பது இதிலேயே விளங்கும். இடுப்பளவுப் படத்துக்கு விளக்கைச் சட்டத்துக்கு வெளியே வைக்க 1.3 முதல் 1.5 மீற்றர் வேண்டும், முழு உருவத்துக்கு 2.5 மீற்றர் வேண்டும். ஸ்பீட்லைட்டின் 1.1 மீற்றர் எதற்கும் எட்டாது.

எச்.எஸ்.எஸ். எங்கே இடிக்கிறது? சிங்க் வேகத்துக்கு மேலே ஷட்டரின் இரண்டு திரையும் சேர்ந்து ஒரு கீறலாக ஓடும். அந்தக் கீறல் சென்சரைக் கடந்து முடியும்வரை பிளாஷ் மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே வெடிப்பில் தர வேண்டிய ஆற்றலைப் பொடிப்பொடியாகச் சிந்துகிறது. கீறல் இல்லாத இடத்தில் விழுந்தது எல்லாம் சேதாரம். இந்த நட்டம் இரண்டு ஸ்டொப் சுமார். இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். ஆக எச்.எஸ்.எஸ். போட்ட 200, ஒரு 50 வாட் செக்கன் விளக்குப்போலத்தான் வேலை செய்யும். 600கூட 150 போல. தூரமும் பாதியாகும்: 1.9 மீற்றரில் நின்ற 200 இனி 95 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும். 1/1600க்குப் போனால் வெயில் குறையும்தானே என்று சொல்வார்கள். குறையும். ஆனால் பிளாஷும் அதே அளவு குறையும். எச்.எஸ்.எஸ்.ஸால் கிடைப்பது எஃப் 2.8, எஃப் 4 போன்ற திறந்த அப்பெச்சரும் மங்கலான பின்னணியும் மட்டுமே. வெயிலை வெல்கிற வலு அதில் கிடையாது.

திறந்த அப்பெச்சரும் வேண்டும், வலுவும் போகக்கூடாது என்றால் வழி என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற சாம்பல் நிறக் கண்ணாடி). மூன்று ஸ்டொப் என்.டி. போட்டால் 1/200, எஃப் 16 இருந்த இடத்தில் எஃப் 5.6, நாலு ஸ்டொப் போட்டால் எஃப் 4. ஃபில்டர் வெயிலையும் பிளாஷையும் ஒரே அளவில் வெட்டுவதால் இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் அப்படியே நிற்கும். 400ஐ வாங்கி எச்.எஸ்.எஸ்.ஸில் 100 ஆக்குவதைவிட 200ஐ வாங்கி ஒரு நல்ல என்.டி. போடுவது கெட்டித்தனம். இதற்கும் குறைகள் உண்டு. ஆறு ஸ்டொப் என்.டி.யோடு பழைய டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரில் இருட்டுத்தான் தெரியும், ஃபோக்கஸும் தடுமாறும். மலிவான திருகுகிற என்.டி.யை அகல லென்ஸில் கூடுதலாகத் திருகினால் வானத்தில் பெருக்கல் குறிபோலக் கறுப்பு விழும். தோலில் பச்சையோ மஞ்சளோ ஏறும். மூன்று அல்லது நாலு ஸ்டொப்பில் நிலையான ஃபில்டர் ஒன்று போதும். அதை வாங்கும்வரை பையில் கிடக்கிற சி.பி.எல். (போலரைசர்) ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள். அது ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் வெட்டும், கடலின் பளபளப்பையும் அடக்கும்.

ஃபூஜி எக்ஸ்100 வகைக் கமராக்களில் லென்ஸுக்குள்ளேயே, கீறலாக ஓடாமல் முழுதாகத் திறந்து மூடுகிற லீஃப் ஷட்டர் இருப்பதால் இந்தத் தலையிடி அவ்வளவாக இல்லை. 2023 கடைசியில் அறிவிக்கப்பட்ட சொனி ஏ9 மூன்றில் சென்சர் முழுதும் ஒரே கணத்தில் வாசிக்கப்படுவதால் சிங்க் எல்லை என்பதே போய்விட்டது. ஆனால் அங்கே இன்னொரு விஷயம் முளைக்கும். இந்த பட்டரி ஸ்ட்ரோப்கள் முழு வலுவில் சட்டென்று அணைவதில்லை. கொடொக்ஸ் கம்பனியின் 200, 600 இரண்டுக்கும் முழு வலுவில் ஒளி அடங்க 1/220 செக்கன் பிடிக்கும். 1/2000 ஷட்டரில் அதன் வால் முழுக்க வெட்டுப்படும்.

வாட் செக்கனைவிட மலிவான வலு ஒன்று இருக்கிறது, தூரம். 4 மீற்றரில் நின்ற விளக்கை 2 மீற்றருக்குக் கொண்டுவந்தால் நாலு மடங்கு வெளிச்சம். 200 வாங்கியவருக்கு அந்த இடத்தில் 800 கிடைத்த மாதிரி. ஸ்டாண்டை எங்காவது ஒரு பக்கம் நட்டுவிட்டு நூறு படம் எடுக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள். ஒரு பொடியனிடம் மொனோபொட் நுனியில் 200ஐக் கொடுத்து, சட்டத்தின் விளிம்பு தெரியும்வரை உள்ளே வரச்சொல்லி, பிறகு ஒரு சாண் வெளியே போகச்சொன்னால் அதுதான் சரியான இடம். பட்டரியோடு ஒரு கிலோவுக்குக் குறைவான சாமான் என்பதால் அரை மணித்தியாலம் பிடித்து நிற்பான். 400 இரண்டு கிலோ சொச்சம், 600 மூன்று கிலோ. கை நீட்டிப் பிடிக்க ஏலாது.

எதை வாங்குவது? உங்கள் கேள்வியில் இருப்பது ஜோடிப் படம். முழு உருவம், சொஃப்ட்பொக்ஸ், எஃப் 16, இரண்டரை மீற்றர்: கணக்கு 400இல் வந்து நிற்கிறது. கொடொக்ஸ் ஏ.டி.400 புரோ வகையில் முழு வலுவில் திரும்ப நிரம்ப ஒரு செக்கன். ஒரு சார்ஜில் 390 முழு வெடிப்பு என்று கம்பனி சொல்கிறது. 200 புரோவுக்கு 1.8 செக்கன், 500 வெடிப்பு. 600 புரோவுக்கு 0.9 செக்கன், 360 வெடிப்பு. 200இலிருந்து 400க்கு ஒரு ஸ்டொப் ஏறும். 400இலிருந்து 600க்கு அரை ஸ்டொப்தான். அந்த அரை ஸ்டொப்புக்காக ஒரு கிலோ கூடுதலாகச் சுமப்பது பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிற குடும்பப் படம் அடிக்கடி எடுப்பவருக்கு மட்டும் பொருந்தும். பின்னேரத்தில் மண்டபம், சாமத்திய வீடு என்று உள்ளக வேலையும் இருந்தால் நான் 400ஐ விட்டுவிட்டு இரண்டு 200ஐச் சொல்வேன். வெளியில் இரண்டையும் ஒரே பிரக்கட்டில் பூட்டினால் 400. மண்டபத்தில் பக்கத்துக்கு ஒன்று. ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகில் போகிறவர்களுக்கும் 200தான் சரி. தண்ணீர் புகாத பையில் அடங்கும்.

எல்.ஈ.டி. விளக்கு போதாதா என்ற கேள்வியும் கூடவே வரும். 300 வாட் எல்.ஈ.டி. 1/200 செக்கன் ஷட்டருக்குள் செலவழிக்கிற ஆற்றல் 1.5 வாட் செக்கன். எல்.ஈ.டி. திறமான விளக்கு என்று மூன்று மடங்கு சலுகை கொடுத்தாலும் ஸ்பீட்லைட்டின் பத்தில் ஒரு பங்குக்கு எட்டாது. நிழலில் வீடியோ எடுக்க நல்லது, இந்த வேலைக்கு இல்லை.

வெயிலைவிட எங்கள் ஊரில் கூடுதலாகச் சாமான் உடைப்பது காற்று. கொறிக்கிற கச்சான் இல்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான். 80 சென்ரிமீற்றர் சொஃப்ட்பொக்ஸ் அதற்குப் பாய்மரம். குடை இன்னும் மோசம், முதல் வீச்சிலேயே உட்புறம் வெளிப்புறமாகும். அந்த மாதங்களில் 18 சென்ரிமீற்றர் ரிஃப்ளெக்டர் அல்லது 40 முதல் 55 சென்ரிமீற்றர் பியூட்டி டிஷ் (அகன்ற கிண்ணம்போன்ற ரிஃப்ளெக்டர்) போதும். சொஃப்ட்பொக்ஸ் தின்கிற இரண்டு ஸ்டொப்பில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும் என்பதால் 200கூட 3 மீற்றருக்கு மேல் எஃப் 16 தரும். ஒளி கடினமாகத்தான் விழும். ஆனால் சுற்றிவர வெயிலும் மணலும் நிரப்பிக்கொண்டிருக்கிற இடத்தில் அந்தக் கடினம் அறையில் தெரிகிற அளவுக்குத் தெரியாது. ஸ்டாண்டின் கால்கள் மணலில் புதையாமல் பால்மா டின் மூடி மூன்று வையுங்கள். எடைக்கு வெற்று உரப்பையைக் கொண்டுபோய் அங்கேயே 8, 10 கிலோ மணல் அள்ளிக் கட்டுங்கள். பாரம் தரையை லேசாகத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி ஸ்டாண்டையே இழுத்து விழுத்தும்.

எடுக்கிற ஒழுங்கு இப்படி. பிளாஷை அணைத்துவிட்டு ஐ.எஸ்.ஓ. 100, 1/200இல் வானம் மட்டும் சரியாக வரும்வரை அப்பெச்சரை மூடுங்கள். ஹிஸ்ரோகிராம் (கமரா திரையில் வெளிச்சத்தின் அளவைக் காட்டுகிற வரைபு) வலது சுவரில் முட்டக்கூடாது. முகம் கறுப்பாக இருக்கும், இருக்கட்டும். பிறகு பிளாஷை மெனுவலில் அரை வலுவில் போட்டு ஒரு படம். முகம் குறைந்தால் முதலில் விளக்கைக் கிட்டக் கொண்டுவாருங்கள், பிறகுதான் வலுவைக் கூட்டுங்கள். அரை வலுவிலேயே வேலை முடிந்தால் பட்டரி இரண்டு மடங்கு ஓடும், அடுத்த வெடிப்பும் தாமதிக்காது. டி.டி.எல். (கமராவே பிளாஷின் வலுவைக் கணிக்கிற முறை) இங்கே வேண்டாம். வெள்ளை மணலும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியும் அதை ஏமாற்றி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு வலுவைக் கொடுக்கும். வேட்டி வெளிறுவதற்கு இன்னொரு காரணம் விளக்கு இடுப்பு மட்டத்தில் நிற்பது. தலைக்கு மேலே ஒரு முழம் உயர்த்தி, நடுப்புள்ளியை முகத்துக்குச் சற்று மேலே குறிவைத்தால் வேட்டிக்குப் போகிற வெளிச்சம் தானாகக் குறையும், கூறைச்சேலையின் சரிகையும் தாலிக்கொடியும் வெள்ளைப் பொட்டாக எரியாது.

படத்தின் ஒரு விளிம்பில் கறுப்புப் பட்டை விழுந்தால் சிங்க் வேகம் தாண்டிவிட்டது. வயர்லெஸ் ட்ரிகர்கள் (கமராவிலிருந்து பிளாஷை வெடிக்கவைக்கிற கருவிகள்) சிறு தாமதம் சேர்ப்பதால் 1/200 என்று புத்தகத்தில் இருக்கிற கமராவிலும் சிலவேளை 1/160இல்தான் பட்டை மறையும். வெள்ளைச் சுவரில் ஒருமுறை சோதித்து அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரிகர் உங்கள் கமரா வகைக்கு உரியதாக இருக்க வேண்டும். கெனனுக்கு ஒன்று, நிக்கோனுக்கு ஒன்று, சொனிக்கு ஒன்று. விளக்கு எல்லாவற்றுக்கும் பொது.

இடம் பற்றியும் ஒரு சொல். பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. ஸ்டாண்டும் ஸ்ட்ரோபும் தூக்கிக்கொண்டு போக முதல் வாசலில் கேளுங்கள். கோணேசர் கோயிலிலும் கேட்டுவிட்டே எடுங்கள். புல்மோட்டைப் பக்கம் போனால் மண் கறுப்பு. இல்மனைற் கலந்த மண். நிலாவெளி மணல் தருகிற கீழ்வெளிச்சம் அங்கே கிடைக்காது, பிளாஷை அரை ஸ்டொப் கூட்டத் தயாராகப் போங்கள். காந்தத்தால் ஒட்டுகிற ஜெல், டிஃபியூசர் வகைகளை அந்த மண்ணில் வைத்துவிடாதீர்கள். பலமான காந்தம் கறுப்புத் துகளைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அது பிளாஷ் தலையின் கண்ணாடியைக் கீறும்.

ஏ.சி. வாகனத்திலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காமல் இருபது நிமிடம் வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் மட்டுமல்ல, பிளாஷின் உள்ளும் வேர்க்கும். பட்டரியைக் கறுப்புப் பையில் வெயிலில் விடவேண்டாம். சூடேறினால் விளக்கு தன்னைக் காப்பாற்றத் தாமதித்துத்தான் நிரம்பும், எச்.எஸ்.எஸ்.ஸில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விளக்கையும் ஸ்டாண்டின் திருகுகளையும் துடைத்து உலர்த்துங்கள். ஹொட்ஷூவின் (கமராவின் மேலே ட்ரிகர் பூட்டுகிற இடம்) செப்புப் புள்ளிகளில் பச்சை பிடித்தால் மூன்று படத்துக்கு ஒரு படம் பிளாஷ் வெடிக்காது, ட்ரிகர் பழுது என்று புதிது வாங்குவீர்கள். ஐசோப்புரொப்பைல் ஆல்கஹோல் தொட்ட பஞ்சு போதும். வாடைக் காலத்தில் வேலையில்லாமல் கிடந்தால் பட்டரியைப் பாதிச் சார்ஜில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முழுதாக இறங்கிய லித்தியம் திரும்ப எழும்பாது.

பாவித்த சாமான் வாங்குவதென்றால் கடைக்காரர் முன்னாலேயே முழு வலுவில் பத்துத் தடவை தொடர்ந்து வெடிக்கவிடுங்கள். நிரம்புகிற நேரம் பத்தாவதில் நன்றாக நீண்டால் பட்டரி முடியப்போகிறது. பத்துப் படத்தையும் ஒரே சுவரில் எடுத்து வெளிச்சம் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பட்டரியை மேசையில் வைத்துச் சுழற்றுங்கள்; உப்பியிருந்தால் பம்பரம்போலச் சுற்றும், எவ்வளவு மலிவென்றாலும் அதை எடுக்காதீர்கள். வெற்றுக்குழாயின் முனைகள் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில்தான் கண்ணாடி முதலில் வெடிக்கும்.